கம்பெனியைப் பற்றி நெட்டில் எழுதலாமா, போட்டோ போடலாமா? வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் எனக்குப் பத்தொன்பது வருடம் ஆகிறது. முதலில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், இப்போது ஆடிட் (கம்பெனி விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் சோதனை), தொழிலாளர் விஷயங்களைப் பார்க்கும் வேலை. வாரத்துக்கு ஒருவராவது போனை நீட்டி, "இதைப் போடலாமுங்களா?" என்று கேட்கிறார்கள். சில பேர் போட்டுவிட்டு வந்து கேட்கிறார்கள். கோவை பவுண்டரியில் இருப்பவர், சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில் இருப்பவர், கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதி செய்யும் இடத்தில் இருப்பவர் என்று எல்லோருக்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். நான் வக்கீல் இல்லை. நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள். நோட்டீஸ் வராமல் இருக்கச் செய்ய வேண்டியது மட்டும் இங்கே இருக்கிறது.

வேலையில் இருந்துகொண்டே கம்பெனியைப் பற்றி எழுதுவது சட்டப்படி குற்றமா?

இல்லை. வேலை பார்க்கும் இடத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. "நெட்டில் எழுதினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்" என்று பயப்படுகிறவர்கள் மனதில் இருப்பது பழைய 66ஏ பிரிவு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் செல்லாது என்று அறிவித்துவிட்டது.

ஆனால் குற்றமில்லை என்பதால் வேலைக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. அரசியல் சட்டம் தரும் பேச்சுரிமை அரசாங்கத்துக்கு எதிராக நிற்பது. தனியார் முதலாளிக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். வேலைக்குச் சேர்ந்த அன்று படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்களே, அந்தத் தாளைத் தேடி எடுத்து ரகசியக் காப்பு, போன், கேமரா, சமூக ஊடகம் என்று வரும் வரிகளை மட்டுமாவது படியுங்கள். பாதிக் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கும். தாளே கொடுக்காத கம்பெனி என்றால் அது வேறு பிரச்சினை.

கூகுள் மேப்பில் எங்கள் கம்பெனிக்கு ஒரு ஸ்டார் போட்டு, சம்பளம் லேட் என்று எழுதினேன். நான்கு நாளில் காணாமல் போய்விட்டது. முதலாளி காசு கொடுத்துத் தூக்கிவிட்டாரா?

காசு தேவையே இல்லை. ஒரு புகார் போதும். இப்போது வேலை செய்கிற, முன்பு வேலை செய்த இடத்தின் பணி அனுபவத்தை மேப் ரிவ்யூவில் எழுதக் கூடாது என்பது கூகுளின் விதி. அதை நலன் முரண் என்ற தலைப்பில் வைத்திருக்கிறார்கள். அந்த இடம் வாடிக்கையாளர்களுக்கானது. லோடு இறக்க வந்த டிரைவர், "கேட்டில் ஆறு மணி நேரம் நிறுத்திவிட்டார்கள், டாய்லெட்டுக்குக் கூட விடவில்லை" என்று எழுதினால் நிற்கும். கம்பெனியின் வேலையை வெளியில் எடுத்துச் செய்து, பில் பாஸாகாத ஜாப் ஒர்க்காரர் எழுதினாலும் நிற்கும். உள்ளே வேலை செய்பவர் எழுதினால் நிற்காது, ஐந்து ஸ்டார் போட்டாலும் அதே விதிதான்.

இன்னொன்று. மேப் ரிவ்யூ பெரும்பாலும் உங்கள் கூகுள் கணக்கின் பெயரில்தான் வருகிறது. பக்கத்தில் நீங்கள் போன மாதம் ஒரு பிரியாணிக் கடைக்குப் போட்ட ரிவ்யூ, குழந்தையைக் காட்டிய கிளினிக்குக்குப் போட்ட ரிவ்யூ எல்லாம் வரிசையாக நிற்கும். முகவரி தவிர மீதி எல்லாம் அதில் உண்டு.

அப்போது வேலை செய்பவர் எழுத இடமே இல்லையா?

அதற்கென்றே தளங்கள் இருக்கின்றன. வேலை தேடும் தளமான நௌக்ரியை நடத்தும் இன்ஃபோ எட்ஜ் நிறுவனத்தின் ஆம்பிஷன்பாக்ஸ் நம் ஊரில் அதிகம் பேர் பார்ப்பது. அமெரிக்காவின் கிளாஸ்டோர் 2007-லிருந்து இருக்கிறது. ஐ.டி.க்காரர்கள் பார்ப்பது பெரும்பாலும் அது. இரண்டிலும் பெயர் போடாமல் எழுதலாம்.

பெயர் போடாமல் எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது?

இந்தக் கேள்விக்கு என் கதையையே சொல்கிறேன். பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். அப்போது வேறொரு கம்பெனியில் இருந்தேன், பெயர் வேண்டாம். நைட் ஷிப்மென்ட் என்று இரண்டு வாரம் தொடர்ந்து இரவு ஒரு மணி வரை உட்காரவைத்துவிட்டு, தீபாவளி போனஸில் "ஆபீஸ் ஸ்டாப்புக்கு இந்த வருஷம் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். வயிற்றெரிச்சலில் ஒரு தளத்தில் எழுதினேன். பெயர் இல்லை. பொறுப்பு 'ஊழியர்', ஊர் 'திருப்பூர்', அவ்வளவுதான். யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி டீ நேரம். முதலாளியின் மகன் போனைப் பார்த்துச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். நடுவில் நிறுத்தி, "'அதுபோக' என்று இந்த ஆபீஸில் யாருங்க எழுதுவாங்க?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. எல்லோரும் டம்ளரைப் பார்த்தார்கள். நான் அனுப்பும் ஒவ்வொரு மெயிலிலும் இரண்டாவது பாரா 'அதுபோக' என்றுதான் ஆரம்பிக்கும். எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் திட்டவில்லை, நோட்டீஸ் தரவில்லை. அடுத்த சீசனில் பெரிய பையர், அதாவது எங்களிடம் துணி வாங்கும் பெரிய கம்பெனி, எதுவும் என் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். எட்டு மாதத்தில் நானே விலகினேன்.

கொங்கு நாட்டுக் கம்பெனிகள் பெரும்பாலும் நாற்பது பேர், எண்பது பேர் வேலை செய்கிறவை. பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேர் பக்கத்து ஊர். இங்கே தளம் உங்கள் பெயரை மறைப்பதால் ஒன்றும் மறையாது. ஆம்பிஷன்பாக்ஸில் உங்கள் பொறுப்பு, டிபார்ட்மென்ட், ஊர், தேதி எல்லாம் ரிவ்யூவோடு தெரியும். 'குவாலிட்டி கண்ட்ரோலர், பெருந்துறை' என்று போட்டால், அந்தக் கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவர்களே மூன்று பேர் என்றால், யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதிலும் சனிக்கிழமை சூப்பர்வைசரோடு சண்டை, ஞாயிற்றுக்கிழமை ரிவ்யூ என்றால் கேட்கவே வேண்டாம்.

தளங்களையும் முழுதாக நம்ப முடியாது. 2022-ல் நியூசிலாந்துப் பொம்மைக் கம்பெனி ஒன்று வழக்குப் போட, ரிவ்யூ எழுதியவர்களின் விவரங்களைக் கொடுக்கும்படி கிளாஸ்டோருக்கு அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-ல் அதே தளம் பயனர்களின் உண்மையான பெயரை அவர்கள் கேட்காமலே கணக்கில் சேர்த்தது என்று பெரிய சர்ச்சை ஆனது. ஆகையால் நான் சொல்வது ஒன்றுதான். முதலாளி படித்துவிட்டு, "நீதானே எழுதினாய்?" என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "ஆமாங்க, இதில் எது பொய் என்று சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்க முடிகிற அளவுக்கு எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம்.

எதை எழுதினால் அவதூறு ஆகும்?

2024 ஜூலை 1-லிருந்து அவதூறு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் வருகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 தான், எண் மாறியிருக்கிறது. இரண்டு வருடம் வரை சாதாரணச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவை செய்யச் சொல்லவும் புதிதாக இடம் வைத்திருக்கிறார்கள். தனி மனிதர் மட்டுமல்ல, கம்பெனியும் அவதூறு வழக்குப் போடலாம். நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கும் போடலாம், அதற்கு ஒரு வருடக் கெடு.

அதே பிரிவில் பத்து விதிவிலக்குகள் இருப்பதை யாரும் சொல்வதில்லை. அதில் இரண்டு நமக்கு முக்கியம். சொன்னது உண்மை, அது வெளியே தெரிவது பொது நன்மைக்கு என்றால் அவதூறு இல்லை. அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாரும் அவதூறு இல்லை. உண்மை மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பொது நன்மையும் சேர்ந்து வர வேண்டும். மேனேஜரின் வீட்டு விவகாரம் நூற்றுக்கு நூறு உண்மையாகவே இருக்கட்டும், அதனால் பொதுமக்களுக்கு என்ன நன்மை?

நடைமுறையில் வித்தியாசம் இப்படி இருக்கும். "முதலாளி பி.எஃப். பணத்தைத் தின்கிற திருடன்" என்று எழுதினால் அதை நீங்கள் நிரூபிக்க வேண்டும், முடியாது. "சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பாஸ்புக்கில் ஏறவில்லை, கேட்டதற்குப் பதில் இல்லை" என்று எழுதினால் அது பாஸ்புக்கில் இருக்கிற விஷயம். ஒவ்வொரு மாதப் பணமும் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும் என்பது விதி, உங்கள் பாஸ்புக்கை நீங்களே நெட்டில் எடுத்துப் பார்க்கலாம். முதல் வாக்கியத்தில் கோபம்தான் இருக்கிறது, இரண்டாவதில் தேதி இருக்கிறது. படிக்கிறவரும் இரண்டாவதைத்தான் நம்புவார்.

'கேள்விப்பட்டேன்', 'எல்லோரும் சொல்கிறார்கள்' என்பவற்றை எடுத்துவிடுங்கள். உங்களுக்கு நடந்தது, நீங்கள் கண்ணால் பார்த்தது மட்டும் போதும். சூப்பர்வைசரின் பெயர் எதற்கு? 'சூயிங் பிரிவில்' என்றாலே உள்ளே இருப்பவர்களுக்குப் புரியும்.

போட்டோவில் என்ன பெரிய தப்பு? பெட்டியைத்தானே எடுத்தேன்?

இதே வார்த்தையைத்தான் எங்கள் பேக்கிங் பையன் ஒருவனும் சொன்னான். இருபது வயது. அவன் போட்டது பதினைந்து வினாடி ரீல். பின்னால் கானா பாட்டு, முன்னால் அவன் கண்ணாடி மாட்டிக்கொண்டு அட்டைப்பெட்டி அடுக்கின் மேல் சாய்ந்து நிற்கிறான். அழகாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை காலை மெர்ச்சண்டைசிங்கில் என்னைக் கூப்பிட்டு, ரீலை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள். பெட்டியின் பக்கவாட்டில் பையர் பெயர், ஸ்டைல் நம்பர், பி.ஓ. (ஆர்டர்) நம்பர், எந்தத் துறைமுகம், ஒரு பெட்டிக்கு எத்தனை பீஸ், 80-ல் 12-வது பெட்டி என்பது வரை இருந்தது. கணக்குப் போடத் தெரிந்தவனுக்கு அந்த ஆர்டர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பாட்டின் ஏழாவது வினாடியில் கேமரா திரும்பும்போது டேபிளில் விரித்து வைத்த பிரின்ட் டீ-சர்ட், கடைக்கு வர இன்னும் ஐந்து மாதம் இருக்கிற டிசைன்.

"ஏனுங்ணா, நான் பெட்டியத்தானுங்ணா எடுத்தேன்" என்றான். பொய் சொல்லவில்லை. அவன் கண்ணுக்கு அது பெட்டிதான்.

இதில் முதலாளிக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று புரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவின் 2000-ம் வருட வடிவமைப்புச் சட்டப்படி, விண்ணப்பிப்பதற்கு முன்பே வெளியே தெரிந்துவிட்ட டிசைனைப் பதிவு செய்ய முடியாது. பையர்களோடு போடுகிற ஒப்பந்தத்திலும் சாம்பிளைப் படம் எடுக்கக் கூடாது என்று தனியாக இருக்கும். ஒரு ரீலால் சீசன் ஆர்டரே போகலாம். ஆர்டர் போனால் முதலில் நிற்பது பேக்கிங் பையனின் ஷிப்ட்தான்.

கோவை பக்கம் இதுவே வேறு உருவம். பம்ப் கம்பெனியில் அச்சு, டிராயிங், லேத்தின் மேல் ஒட்டிய அளவுச் சீட்டு. ஐ.டி.யில் பிறந்த நாள் கேக்குக்குப் பின்னால் திறந்து கிடக்கிற ஸ்கிரீன், வெள்ளைப் பலகையில் எழுதிய வாடிக்கையாளர் பெயர். கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டில் பார்கோடு. எடுப்பவர் முகத்தைப் பார்த்து எடுக்கிறார், பார்க்கிறவர் பின்னணியைப் பார்க்கிறார்.

படத்துக்குள்ளேயே எடுத்த நேரமும், எந்தப் போன் என்பதும், லொகேஷன் போட்டிருந்தால் இடமும் பதிந்திருக்கும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் உதிர்ந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். மறைக்க நினைப்பவர்களுக்கு இது எச்சரிக்கை. சாட்சிக்காக வைத்துக்கொள்பவர்களுக்கு இதே விஷயம் உதவி, அதைக் கீழே சொல்கிறேன்.

ஆயுத பூஜை போட்டோவும் கூடாதா?

அட, அது கூடாது என்று யார் சொன்னது? மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை பொட்டலத்தோடு நிற்கிற படத்தை முதலாளியே ஸ்டேட்டஸில் வைப்பார். ஒடிசாப் பையன்கள் புதுச் சட்டையோடு நிற்பதை அவர்கள் ஊரில் வீட்டார் பார்க்க வேண்டாமா? போடுங்கள். அன்றைக்கு டேபிளில் சாம்பிள் கிடக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்தால் போதும்.

கூட வேலை செய்பவர்கள் படத்தில் விழுந்தால்?

கேளுங்கள். பெண்கள் என்றால் கண்டிப்பாகக் கேளுங்கள். எங்கள் பக்கம் பல பெண்கள் வீட்டில் 'டெய்லரிங் போகிறேன்' என்று சொல்லாமல் 'ஆபீஸ்' என்று சொல்லி வருகிறவர்கள். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற வீடும் இருக்கும். உங்கள் ரீலில் பின்னால் துணி மடித்துக்கொண்டிருக்கிற பெண் யார் வீட்டுப் பெண் என்று யாராவது தேடிப் பிடிப்பார்கள்.

மில் ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள் அறை, குளியலறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. 'வசதி இல்லை என்று காட்டத்தான் எடுத்தேன்' என்று சொன்னாலும், ஒருவரின் அந்தரங்கத்தை அனுமதியில்லாமல் படம் பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று வருடம் வரை தண்டனைக்குரியது. பூட்டு உடைந்த கதவை, ஆள் இல்லாத நேரத்தில் எடுங்கள்.

பாலியல் தொல்லைப் புகார் என்றால் இன்னும் கவனம். 2013-ம் வருடச் சட்டத்தின் 16-வது பிரிவு, புகார் கொடுத்த பெண், எதிர்த்தரப்பு, சாட்சிகள் யார் என்பதையும் விசாரணை விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. தோழிக்கு நியாயம் கேட்கிறேன் என்று நல்ல மனதோடு பேரைப் போட்டு எழுதுகிறவர்தான் இதில் அதிகம் மாட்டுகிறார். பத்துப் பேர் இருக்கிற இடத்தில் புகாரை விசாரிக்க உள் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் குறைவு என்றால் மாவட்ட அளவில் குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

குழந்தை வேலை செய்வதைப் பார்த்தால் முகத்தோடு வீடியோ போடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள்.

ஒயர் தொங்குகிறது, எமர்ஜென்சி கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இதையுமா போடக் கூடாது?

போட்டோ எடுங்கள். நிச்சயமாக எடுங்கள். முதலில் எங்கே கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

2013 ஏப்ரல் 24-ல் டாக்கா பக்கத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். எல்லாம் நம்மைப் போல டெய்லர்கள், ஹெல்பர்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. ஒரு டிவி சேனல் அதைப் படம் பிடித்து ஒளிபரப்பியது. கீழே இருந்த வங்கி மூடிவிட்டது. மேலே இருந்த கார்மென்ட்ஸ் ஆட்களை மட்டும் மறுநாள் காலையில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஊருக்கே தெரிந்தும், தடுத்து நிறுத்த அதிகாரம் இருந்தவர் நிறுத்தவில்லை. ஆடிட் வகுப்புகளில் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

ஆகவே கதவு பூட்டியிருந்தால், இன்ஸ்டாகிராமுக்கு முன்னால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் போகட்டும். முதல்வர் உதவி மைய எண் 1100-லும் பதியலாம். தொழிலாளர் ஆய்வாளர்கள் யார் புகார் கொடுத்தது என்பதைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81-வது உடன்படிக்கை. இந்தியா அதை 1949-லேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நடைமுறையில் அது எப்போதும் காக்கப்படுகிறதா என்று கேட்டால் நான் சிரிப்பேன். அதனால் முடிந்தால் நாலைந்து பேராகச் சேர்ந்து கொடுங்கள். சங்கம் இருந்தால் சங்கத்தின் பேரில் போகட்டும்.

ஏற்றுமதிக் கம்பெனி என்றால் இன்னொரு வழி உண்டு, நம் ஆட்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை. கேன்டீன் பக்கம், டாய்லெட் போகிற வழியில், ஆடிட்டுக்காக ஒட்டிய போஸ்டரில் பையரின் புகார் நம்பர் இருக்கும். தமிழிலும் இந்தியிலும் இருக்கும். அது ஒப்புக்கு ஒட்டியது என்று நினைக்கிறோம். ஜெர்மனியில் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சப்ளை செயின் சட்டம், பெரிய கம்பெனிகள் தங்களுக்குத் துணி தைத்துக் கொடுக்கிற இடத்துத் தொழிலாளியும் புகார் கொடுக்க வழி வைத்தாக வேண்டும் என்கிறது. பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தால் எங்கள் கம்பெனிகளில் கதவு அன்று மாலையே திறக்கும். ஆயிரம் லைக் வந்தால் முதலில் 'யார் எடுத்தது' என்றுதான் தேடுவார்கள்.

எடுத்த படத்தை அப்படியே போனில் வையுங்கள். கட் பண்ணாதீர்கள், அம்புக்குறி போடாதீர்கள். வழக்கு என்று வந்தால் மின்னணுச் சாட்சிக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் தர வேண்டியிருக்கும். எடுத்த போன், எடுத்த நேரம், மூலப் படம் எல்லாம் இருந்தால்தான் அது எடுபடும்.

வைரலானால் உடனே நடவடிக்கை வருகிறதே, அது நல்லதில்லையா?

சில நேரம் வருகிறது. கலெக்டர் ஆபீஸ் பெட்டியில் மூன்று மாதம் கிடந்த மனுவுக்கு, வீடியோ வந்த மறுநாளே ஆள் வந்ததை நானும் பார்த்திருக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் வைரலான பிறகு அது உங்கள் கையில் இருக்காது. 2023 மார்ச் முதல் வாரம் ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளைத் தாக்குகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. எங்கேயோ, எப்போதோ, எதற்கோ நடந்த சண்டைகளை எடுத்துத் தலைப்பு மட்டும் மாற்றி ஓட்டியிருந்தார்கள். பொய் என்று போலீஸ் அறிவித்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து திருப்பூரிலும் கோவையிலும் விசாரித்துவிட்டுப் போனது. அதற்குள் பயந்து மூட்டையைக் கட்டியவர்கள் கட்டிவிட்டார்கள். எங்கள் கட்டிங் செக்‌ஷனில் அந்த வாரம் பாதி டேபிள் காலி. ஒரு படத்துக்கு இந்த ஊர், இந்தத் தேதி, இந்தச் சம்பவம் என்று எழுதாமல் விட்டால், அடுத்தவன் அதற்கு வேறு ஊரையும் வேறு தேதியையும் போட்டுக்கொள்வான்.

எச்.ஆர். எல்லோரையும் ஐந்து ஸ்டார் போடச் சொல்கிறார். ஸ்கிரீன்ஷாட்டும் கேட்கிறார். போட வேண்டுமா?

கூகுளில் போட்டால் அவர்கள் விதிக்கே எதிரானது என்று மேலே சொன்னேன். 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்று வாடிக்கையாளர் ரிவ்யூக்களுக்கே ஒரு தரம் வெளியிட்டது. காசு கொடுத்தும் கட்டாயப்படுத்தியும் வாங்குகிற ரிவ்யூக்களை ஒழிப்பதுதான் நோக்கம். கட்டாயமில்லாத தரம் என்பதால் இதைக் காட்டி எச்.ஆரை மிரட்ட முடியாது. 'கணக்கு லாக் ஆகியிருக்குங்க' என்று ஒரு வாரம் ஓட்டுங்கள், பெரும்பாலும் மறந்துவிடுவார். கேட்டே தீருவேன் என்றால், உண்மையாக நல்லதாக இருக்கிற ஒன்றை எழுதுங்கள். கேன்டீன் சாம்பார் நன்றாக இருக்கலாம்.

ஒரே நாளில் நாற்பது ஐந்து ஸ்டார், எல்லாவற்றிலும் 'நல்ல சூழல், நல்ல நிர்வாகம்' என்றிருந்தால் வேலை தேடி வருகிறவர் அதைப் பார்த்தே கம்பெனியின் லட்சணத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார் என்பது தனி வேடிக்கை.

வாட்ஸப் ஸ்டேட்டஸ் பிரைவேட்தானே?

உங்கள் நம்பரை வைத்திருக்கிற நூற்றைம்பது பேரில் கம்பெனி டிரைவர் இருக்கிறாரா? அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வேலை செய்பவர் எழுதினால் முதலாளி ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்களே?

அங்கே 1935-ம் வருடத் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், சம்பளம், வேலை நிலைமை பற்றித் தொழிலாளிகள் சேர்ந்து பேசுவதற்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. அது இணையத்தில் பேசுவதற்கும் பொருந்துகிறது. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு அவினாசி ரோட்டில் செய்துபார்க்காதீர்கள். நம்மிடம் சங்கத்துக்குச் சட்டம் உண்டு, தனி ஆள் போடும் ரிவ்யூவுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

உங்களுக்கு இன்னும் இறுக்கம். 1973-ம் வருடத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் இருக்கின்றன. ரிவ்யூ, ரீல் எல்லாம் உங்களுக்கு வேண்டாம். நோயாளி முகம் வார்டு ரீலில் வந்தால் யாராலும் காப்பாற்ற முடியாது.

எழுதியதற்காக வேலையை விட்டு எடுக்கலாமா?

முறைப்படி என்றால் சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுத் தாள்), உங்கள் விளக்கம், விசாரணை, பிறகு தண்டனை. எது ஒழுங்கீனம் என்று நிலையாணையில், அதாவது கம்பெனியின் எழுதிவைத்த வேலை விதிகளில், இருக்க வேண்டும். 1946-ம் வருடப் பழைய சட்டத்தில் 100 பேர் இருந்தாலே நிலையாணை வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பில் அது 300 பேர் ஆகிவிட்டது. நம் சின்ன யூனிட்டுகள் இதற்குள் வருவதில்லை. அங்கே வழக்கம் ஒரே வரிதான், "நாளைக்கு வர வேண்டாமுங்க."

அப்படிச் சொன்னால் கோபத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். வெற்றுத் தாளில் வேண்டவே வேண்டாம். ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால் 'தானாகப் போனார்' என்று ஆகிவிடும். உங்கள் ரிவ்யூவின் ஸ்கிரீன்ஷாட், தேதியோடு எடுத்து வையுங்கள், கேட் பாஸ், சம்பளச் சீட்டு, பஞ்ச் (வருகைப் பதிவு) விவரம் எல்லாம் சேருங்கள், தொழிலாளர் அலுவலகத்தில் சமரசத்துக்கு மனு கொடுங்கள். மெமோ வந்தால் விளக்கத்தில் "நான் எழுதவில்லை" என்று பொய் சொல்வதைவிட, "எழுதியது இது, நடந்தது இது" என்று சொல்வதுதான் பின்னால் நிற்கும்.

வேலையை விட்ட பிறகு எழுதினால் பிரச்சினை இல்லையே?

குறைவு. கணக்கு முடிந்து, அனுபவச் சான்றிதழ் கைக்கு வந்து, புது இடத்தில் சேர்ந்த பிறகு எழுதுங்கள். நம் ஊரில் எச்.ஆர். ஆட்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டு விசாரிப்பது வழக்கம், பொள்ளாச்சியிலிருந்து பெருமாநல்லூர் வரை எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கணக்கு முடிக்கும்போது 'கம்பெனியைப் பற்றித் தவறாகப் பேச மாட்டேன்' என்று எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா என்றும் பாருங்கள். டிசைன், விலை, வாடிக்கையாளர் விவரம் இதெல்லாம் விட்ட பிறகும் ரகசியம்தான்.

நான் கம்பெனி நடத்துகிறேன். எங்கள் மேல் மோசமாக எழுதியிருக்கிறார்கள். என்ன செய்யட்டும்?

யார் எழுதியது என்று தேடாதீர்கள். தேடினால் கிடைத்துவிடும், அதுதான் ஆபத்து. ஒருவரைப் பிடித்தால் மீதி முப்பத்தொன்பது பேரும் வாயை மூடுவார்கள், அடுத்த முறை ஒயர் எரிந்தாலும் சொல்ல மாட்டார்கள். எழுதியதில் தேதியும் இடமும் இருந்தால் முதலில் போய்ப் பாருங்கள். சரி என்றால் சரி செய்து, அதே இடத்தில் இரண்டு வரி பதில் போடுங்கள். பச்சைப் பொய் என்றால் தளத்துக்குப் புகார், அதற்கும் மேல் என்றால் வக்கீல். போன் கொண்டுவரக் கூடாது என்று மொத்தமாகத் தடை போடும் முன், பெட்டியில் என்ன இருக்கிறது என்று பேக்கிங் ஆட்களுக்குப் பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். எங்களிடம் அந்தப் பையனே இப்போது புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறான்.

போட்டதை அழித்துவிட்டேன். இனி ஒன்றும் இல்லையே?

அந்தப் பேக்கிங் பையன் தன் ரீலை அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு, என் முன்னாலேயே அழித்தான். பையருக்குப் பதில் எழுத ஏழாவது வினாடியைக் கலர் பிரின்ட் எடுத்தோம். அது இன்னும் என் பைலில் இருக்கிறது, கண்ணாடி மாட்டிய முகமும் 80-ல் 12 என்ற பெட்டியும் தெளிவாகத் தெரிகிறது.